சுரூபப் பெட்டியில் கேப்டன்

நாயைக் கொன்றுவிடலாம் என்று இக்னேஷியஸ் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வஞ்சிர மீன் குழம்பில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது. கொல்வது என்ற சொல்லை அவர் வாயில் எடுக்கவில்லை. "முடிச்சிடலாம்" என்றார். வாசல் கேட்டுக்குப் பெயிண்ட் அடித்துவிடலாம் என்று சொல்கிற அதே குரல்.

"வர்ற ஞாயித்துக்கெழம பவனி. அதுக்குள்ள பெட்டிய நல்லா கழுவிக் காய வெச்சு, சாமியார வரச் சொல்லி மந்திரிக்கணும். சனிக்கெழமைக்குள்ள முடிச்சிட்டா சரியா இருக்கும். பாவம், அதுக்கும் கஷ்டம்தானே? இனிமே அதுக்கு என்ன இருக்கு?"

ஐரின் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். அண்ணன் சொன்னதில் கடைசி வாக்கியம் மட்டும் அவளுக்குள் எங்கோ போய் இடித்தது. எங்கே என்று உடனே தெரியவில்லை.

"டாக்டர் ஆறு வாரம்னு சொல்லியிருக்காரு. இன்னும் ரெண்டு வாரம் பாக்கி இருக்கு" என்றாள்.

"நாலு வாரத்துல எழுந்திரிக்காதது ரெண்டு வாரத்துல எழுந்திரிச்சிடுமா?"

"எழுந்திரிக்கக் கூடாதுன்னுதானே அண்ணே பெட்டியில போட்டிருக்கோம்? அப்புறம் எழுந்திரிக்கலேன்னு அது மேலேயே குத்தம் சொன்னா எப்படி?"

அண்ணி வெரோனிகா சிரிப்பை மறைக்கத் தண்ணீர்ச் செம்பைத் தூக்கிக்கொண்டாள். இக்னேஷியஸ் சிரிக்கவில்லை. தங்கை டீச்சர் வேலைக்குப் போன நாளிலிருந்து வாய்க்கு வாய் பேசுகிறாள் என்பது அவருடைய பழைய குறை.

சாந்தோமில் அந்தப் பெட்டியைத் தெரியாத கத்தோலிக்கர் இல்லை. நீலப் பெயிண்ட் அடித்து, மூலைகளுக்குப் பித்தளை கட்டிய தேக்குப் பெட்டி. உயரம் முழங்காலுக்குக் கீழே. நீளமோ ஒரு ஆள் குறுக்கிப் படுக்கலாம் போல இருக்கும். கோவாவில் செதுக்கிய கிறிஸ்மஸ் குடில் சுரூபங்களுக்காகச் செய்தது. மூவிராசாக்களின் ஒட்டகம் படுத்த நிலையில் இருப்பதால் அதற்கென்றே அவ்வளவு நீளம். கிறிஸ்மஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, நாலு பேர் தோளில், பாண்டு வாத்தியத்தோடு, பெட்டி இக்னேஷியஸின் வீட்டிலிருந்து கோயிலுக்குப் போகும். வழியில் திறக்கக் கூடாது. அவர்களுடைய அப்பா பிரகாசம் நாற்பது வருஷம் பெட்டிக்கு முன்னால் மெழுகுதிரி பிடித்து நடந்தார். அவருக்குப் பிறகு இக்னேஷியஸ். மற்ற நாட்களில் பெட்டி பின்கட்டு அறையில் கிடக்கும். ஐரினுக்கு அந்த அறையை ஒதுக்கியபோது பெட்டியோடு சேர்த்தே ஒதுக்கினார்கள்.

அதில் நாயைப் போட்டது ஐரின் அல்ல. இக்னேஷியஸேதான்.

உலகச் சண்டை முடிந்து சீமைக்குக் கப்பல் ஏறிய அவருடைய கம்பெனித் துரை, இரண்டு பிரம்பு நாற்காலிகளோடு கேப்டன் என்ற அந்த நாயையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஜெர்மன் ஜாதி. கால் நாலு விரல் உயரம், உடம்பு மட்டும் முடிவில்லாமல் போய்க்கொண்டே இருக்கும். மீன்காரி அதைக் கண்டால், "இன்னாம்மா, உங்க ரயிலு வந்துடுச்சு" என்பாள். ஐரினுக்கு அந்த நாயைப் பிடிக்காது. பேராசைக்காரன். அவளுடைய பூசைப் புத்தகத்தின் ஒரு மூலையைத் தின்றவன். யார் கூப்பிட்டாலும் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் வருவான், அவள் கூப்பிட்டால் யோசிப்பதோடு நிறுத்திக்கொள்வான்.

நவம்பர் மழையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இடி இடித்தபோது அது இக்னேஷியஸின் கட்டிலிலிருந்து குதித்தது. ஒரு தடவை கத்தியது. சாயங்காலத்துக்குள் பின்னங்கால் இரண்டும் ஈரத்துணி போல இழுபட ஆரம்பித்தன. முன்னங்கால்களை ஊன்றி அது தன்னைத்தானே இழுத்துக்கொண்டு வீடெல்லாம் அண்ணனைத் தேடியது. மாம்பழக் கூடையில் போட்டார்கள், கவிழ்த்துக்கொண்டு வந்தது. தேயிலைப் பெட்டியில் போட்டார்கள். விளிம்பைப் பற்றி ஏறப் பார்த்து முறுக்கிக்கொண்டு அலறியது. அப்போதுதான் இக்னேஷியஸ் விடுவிடென்று பின்கட்டு அறைக்குப் போய், நீலப் பெட்டியின் மூடியைத் தூக்கி, சூசையப்பரையும் தேவமாதாவையும் இடையர்களையும் ஒவ்வொருவராக எடுத்து ஐரினின் கட்டிலில் கிடத்தினார். கண்ணிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. "ஒட்டகத்தோட எடம் அவனுக்கு அளவா இருக்கும்" என்றார். ரொம்ப வருஷங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் ஐரினுக்கு அண்ணனைப் பிடித்திருந்தது.

மறுநாள் துணி தேய்க்கும் பலகையில் நாயைக் கட்டி, ஜட்காவில் மடிமேல் வைத்துக்கொண்டு வேப்பேரி மாட்டாஸ்பத்திரிக்குப் போனவள் அவள். அண்ணனால் பார்க்க முடியவில்லை, ஆபீஸ் இருக்கிறது என்று சொல்லிவிட்டார். டாக்டர் ரகுபதி ஒல்லியாக, தூங்கி எழுந்த முகத்தோடு இருந்தார். நாயின் முதுகை விரலால் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றார். "முதுகெலும்புக் கண்ணிகளுக்கு நடுவுல மெத்தை மாதிரி ஒண்ணு இருக்கும்மா. அதுல ஒண்ணு பிதுங்கி நரம்பை நசுக்குது." பிறகு இடுக்கியால் பின்னங்கால் விரலை அழுத்திக் கிள்ளினார். கேப்டன் திரும்பி அவர் கையைக் கவ்வப் பார்த்தது. அவர் முகம் மலர்ந்தது.

"கடிக்க வந்துச்சு பாத்தீங்களா? அதுதான் நல்ல சேதி. வலி மூளைக்குப் போகுது. கம்பி அறுந்து போகல. ஆறு வாரம் பெட்டியை விட்டு எறக்காதீங்க. குதிக்கக் கூடாது, நடக்கக் கூடாது, யாரும் எண்ணெய் போட்டு உருவக் கூடாது. நிச்சயம் நடக்கும்னு சொல்லமாட்டேன். நடக்கலாம்."

அப்புறம் அவள் கையைப் பிடித்து நாயின் அடிவயிற்றில் வைத்து, மூத்திரப்பை எங்கே இருக்கிறது, எப்படி இரண்டு பக்கமும் உள்ளங்கையால் மெல்ல அழுத்தி அதை வெளியேற்றுவது என்று சொல்லிக் கொடுத்தார். தினம் நாலு வேளை. முப்பத்தெட்டு வயதில் ஐரின் முதன்முதலாக ஓர் ஆண் கையைத் தன் கைமேல் உணர்ந்தது அந்த இடத்தில்தான். திரும்பி வரும்போது ஜட்காவில் அதை நினைத்துச் சிரித்துவிட்டாள். வண்டிக்காரன் திரும்பிப் பார்த்தான்.

அன்றிலிருந்து அவளுடைய நாள் நாலாகப் பிரிந்தது. விடிந்ததும் ஒரு தடவை, மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து பத்து நிமிஷம் ஓட்டமாக நடந்து வந்து ஒரு தடவை, நாலரைக்கு, படுக்கப் போகுமுன். பழைய வேட்டித் துணியை மாற்றுவது, ஒரே பக்கம் படுத்துப் புண் வராமல் திருப்பிப் போடுவது, இடுப்பு எலும்பு உரசும் இடத்தில் போரிக் பவுடர் தூவுவது. அறையில் மூத்திர வாடை நின்றது. தேவமாதாவும் சூசையப்பரும் அவளுடைய அலமாரியில் நூல்சேலைகளுக்கு நடுவே படுத்திருந்தார்கள். ஒட்டகம் கட்டிலுக்கு அடியில்.

இதெல்லாம் அன்பா என்று அவள் தன்னைக் கேட்டுப் பார்த்திருக்கிறாள். அவளுக்குப் பொய் வராது, தன்னிடம் கூட. அன்பு இல்லை. நாயும் அவளை நேசிக்கவில்லை. அடிவயிற்றை அழுத்தும்போது அது சுவரைப் பார்க்கும். அவளும் சுவரைப் பார்ப்பாள். வெட்கப்படும் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரு வேலையைச் செய்து முடிப்பது போல இருக்கும். ஆனால் அந்த வேலையில் ஒரு நிச்சயம் இருந்தது. நான் வராவிட்டால் இதற்கு வேறு வழியில்லை என்பது அவளுக்கு இதுவரை யாரிடமும் கிடைக்காத நிச்சயம்.

அன்று மாலை துணியை மாற்றிக்கொண்டிருந்தபோதுதான், 'இனிமே என்ன இருக்கு' எங்கே போய் இடித்தது என்று அவளுக்குத் தெரிந்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னால், அப்பா இறந்து மூன்றாம் மாதம், அதே சாப்பாட்டு மேஜையில் சொந்தக்காரர்கள் உட்கார்ந்து அவளைப் பற்றிப் பேசினார்கள். வந்த இரண்டு வரன்களும் தட்டிப்போயிருந்தன. "இருபத்தேழு ஆயிடுச்சு. இனிமே அவளுக்கு என்ன இருக்கு? ஸ்கூல் இருக்கு, கோயில் இருக்கு. பின்கட்டு அறையக் குடுத்துடலாம்." பக்கத்து அறையில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அப்போது அதைக் கருணை என்றே எடுத்துக்கொண்டாள். நன்றிகூடச் சொன்னாள். அவர்கள் அவளையும் முடித்து வைத்திருந்தார்கள் என்பது புரிய ஒரு நாய் முதுகு ஒடிந்து கிடக்க வேண்டியிருந்தது.

"உனக்கு இன்னும் என்னென்னமோ இருக்குடா" என்று பெட்டிக்குள் பார்த்துச் சொன்னாள். கேப்டன் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

புதன்கிழமை அரைப்பரீட்சைத் தாள்களோடு பெட்டி அருகே பாயில் உட்கார்ந்திருந்தாள். வேளை வந்ததும் அடிவயிற்றில் கை வைத்தாள். காலியாக இருந்தது. பதறிப்போய்த் துணியைத் தடவினாள். படுத்திருந்த இடம் காய்ந்திருந்தது. பெட்டியின் தூர மூலை மட்டும் நனைந்திருந்தது. அவள் தாளில் மூழ்கியிருந்தபோது அது இடுப்பை நகர்த்தி, படுக்கையைத் தவிர்த்து, மூலைக்குப் போய், தானாக இருந்துவிட்டு, மறுபடி வந்து படுத்திருக்கிறது.

வாசலில் அப்போதுதான் மெத்தை தைக்கும் ஜைதூன் பீ பஞ்சு மூட்டையோடு வந்து நின்றாள். ஐரின் அவளைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்து நனைந்த மூலையைக் காட்டினாள்.

"யா அல்லா! மூத்திரத்தைப் பாத்து இம்மாம் சந்தோசப்படுற டீச்சரம்மாவ இப்பத்தான் பாக்குறேன்" என்றாள் ஜைதூன் பீ. ஆனாலும் குனிந்து உற்றுப் பார்த்தாள். "மூலை தேடிப் போச்சுன்னா புத்திக்கும் இடுப்புக்கும் பேச்சுவார்த்தை நடக்குதுன்னு அர்த்தம். எம் புருசனுக்குப் பக்கவாதம் வந்து கெடந்தப்போ மொதல்ல வந்தது இதுதாம்மா. நடை அப்புறம் வந்துச்சு. புத்தி இன்னும் வரல." இருவரும் சிரித்ததில் கேப்டன் குரைத்தது.

இரவு ஐரின் அண்ணனிடம் சொன்னாள். அவர் பேப்பரைத் தாழ்த்தவில்லை. "நீ சொல்றே" என்றார். அவ்வளவுதான். மூன்று வாரமாக அவர் அந்த அறைக்குள் காலடி வைத்திருக்கவில்லை.

வியாழக்கிழமை, குடில் சபைத் தலைவர் வில்லியம், பித்தளைகளைத் துலக்க ஆள் அனுப்பலாமா என்று பார்க்க வந்தார். அறுபது வயது, கஞ்சி போட்ட சட்டை, ஐரினை ஞானஸ்நானத்திலிருந்து தெரிந்தவர். அவரை உட்கார வைத்துக் காப்பி கொடுத்து அனுப்பிவிடலாம் என்று வெரோனிகா பார்த்தாள். அந்த நேரம் பார்த்துப் பின்கட்டிலிருந்து கேப்டன் குரைத்தது. வில்லியம் சத்தம் வந்த திக்கில் நடந்தார். ஐரின் தடுக்கவில்லை. பெட்டிமேல் மூடிக்குப் பதிலாகப் போட்டிருந்த கிராதியைத் தானே தூக்கிக் காட்டினாள்.

"சேசு மரியே!" வில்லியம் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். "தேவமாதா படுத்த எடத்துல நாயா?"

"தேவமாதா படுக்குறது அந்தப் பக்கம், மாமா. இது ஒட்டகத்தோட எடம்."

"விளையாட்டா இது? குடில்ல ஆடு உண்டு, மாடு உண்டு. நாய் கெடையாது!"

"இடையருங்க நாய் இல்லாமலா ராவெல்லாம் மந்தை காத்தாங்க? செதுக்குனவன் மறந்திருப்பான்."

வில்லியமின் காது சிவந்தது. "உங்கிட்டப் பேசி ஜெயிக்க முடியாதும்மா. இக்னேஷியஸ் வரட்டும்."

இக்னேஷியஸ் வந்தார். முன் தாழ்வாரத்தில் அரைமணி நேரம் வில்லியமின் குரல் மட்டும் கேட்டது. நாயை அப்புறப்படுத்திப் பெட்டியை மந்திரித்துப் பவனிக்கு எடுக்க வேண்டும்; இல்லையென்றால் அடுத்த வருஷத்திலிருந்து சுரூபங்கள் தன் வீட்டில் இருக்கும், சபை கூடித் தீர்மானம் போட்டுவிடும் என்றார். அவர் போன பிறகு இக்னேஷியஸ், குதிரைகளுக்கு வைத்தியம் பார்க்கும் வெள்ளைத்துரை என்ற உள்ளூர்க்காரருக்குச் சனிக்கிழமை காலை வரும்படி ஆள் அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை முழுக்க ஐரின் யோசித்தாள். கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்காரலாம். நாயைத் தூக்கிக்கொண்டு எங்காவது போகலாம். ஆனால் தூக்கினால் முதுகு போய்விடும், அதற்காகத்தானே இத்தனையும். அழலாம். அழுதால் அண்ணன் இரங்குவார், இரங்கிவிட்டு அதையே செய்வார்; அவருடைய இரக்கம் எப்போதும் அப்படித்தான் வேலை செய்யும். கடைசியில் அவளுக்கு ஒன்று தோன்றியது. இவர்கள் எதை முடித்தாலும் அடுத்த அறையில் இருந்துகொண்டுதான் முடிக்கிறார்கள். அடுத்த அறை கிடைக்கக் கூடாது. அதை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

சனிக்கிழமை வெள்ளைத்துரை தோல்பையோடு வந்தார். பெரிய மீசை, பெரிய குரல். "குதுரைன்னா வேற சமாச்சாரம்மா. இத்துனூண்டுக்கு ரெண்டே நிமிசம். யாராச்சும் ஒருத்தர் தலைய மட்டும் கெட்டியா புடிச்சுக்கணும்."

ஐரின் அறைக் கதவை அகலத் திறந்து வைத்தாள்.

"அண்ணன் புடிப்பாரு" என்றாள்.

கூடத்தில் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டிருந்த இக்னேஷியஸ் நிமிர்ந்தார். "நான் எதுக்கு? நீ புடி."

"என் கையில அடங்காது. இந்த வீட்டுல உங்க கையத் தவிர வேற யாரு கையிலயும் அது அடங்காது. உங்களுக்கே தெரியும். வாங்க அண்ணே."

"ஐரின்..."

"அதுக்கும் கஷ்டம்னு சொன்னீங்கல்ல? கஷ்டத்தைத் தீக்கும்போது பக்கத்துல இருக்கணும். வாங்க."

வெள்ளைத்துரை இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இக்னேஷியஸால் வராமல் இருக்க முடியவில்லை. உள்ளே வந்து பெட்டி முன்னால் மண்டி போட்டார். கேப்டனுக்கு வாசனை எட்டிவிட்டது. முன்னங்கால்களை ஊன்றி, வாயைத் திறந்து, குழந்தை போல ஒரு சத்தம் எழுப்பிக்கொண்டு எழப் பார்த்தது.

"இப்படித் துள்ளினாத்தான் முதுகு போகும். தோள்ல கை வெச்சு அமுக்குங்க" என்றாள் ஐரின். அவர் கை வைத்தார். அது அடங்கி, அவர் விரல்களை ஒவ்வொன்றாக நக்கியது. ஐரின் குனிந்து அதன் பின்னங்கால் விரலைக் கிள்ளினாள். கால் வெடுக்கென்று உள்ளே போனது. கேப்டன் அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டியது.

"போன மாசம் கடிக்க மட்டும்தான் வந்துச்சு. காலு இழுக்கல. இப்ப இழுக்குது. பாத்தீங்களா? இப்ப வெள்ளைத்துரையக் கூப்பிடட்டுமா?"

இக்னேஷியஸின் தோள்கள் குலுங்கின. "நீ வேணும்னே செய்யிறே. என்னை இங்க கொண்டாந்து..."

"ஆமா. வேணும்னேதான்."

அவர் எழுந்து போய் வெள்ளைத்துரையை அனுப்பிவைத்தார். திரும்பி வந்து வாசற்படியில் நின்றார், தங்கையைப் பார்க்கவில்லை. "அப்பா நாப்பது வருஷம் காப்பாத்துன மரியாதை. நாளைக்கு அது போகுது. நான் வாசல்ல நிக்கமாட்டேன். வில்லியம் மூஞ்சியில என்னால முழிக்க முடியாது."

"நீங்க நிக்க வேணாம். நான் நிக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையிலேயே இக்னேஷியஸ் பரங்கிமலைக்குப் பூசை பார்க்கப் போய்விட்டார். சாயங்காலம் நாலு மணிக்குப் பாண்டு வாத்தியம் தெருமுனையில் கேட்டது. தைரியம் என்று அவள் நினைத்திருந்தது வேறு ஏதோ. இதுவோ சேலையை உதறி மடிக்கிற வேலையாக வந்து நின்றது. சூசையப்பரைத் தன் பச்சை நூல்சேலையில் சுற்றிக்கொண்டிருந்தபோது பின்னால் வெரோனிகா வந்தாள். அவள் கைகளில் தேவமாதா இருந்தாள், அண்ணியின் கல்யாணப் பட்டில் சுற்றி.

"அண்ணி! அண்ணன் என்ன சொல்லுவாரு?"

"அவருதான் வீட்டுல இல்லியே" என்றாள் வெரோனிகா. "பாலன் சேசுவக் கூடையில வெச்சு மூடிட்டேன். கிறிஸ்மஸ் ராத்திரி பன்னெண்டு மணிப் பூசைக்கு முந்தி யாரும் பாக்கக் கூடாதுல்ல? அது என் பொறுப்பு. நீ மத்தவங்களப் பாரு."

வாசலில் நாலு ஆட்கள் தோளுக்குச் சும்மாடு வைத்துக்கொண்டு தயாராக நின்றார்கள். பின்னால் சபைக்காரர்கள், மெழுகுதிரிகள், வேடிக்கை பார்க்கக் குப்பத்துப் பெண்கள். வில்லியம் முன்னால் வந்தார். "பெட்டி எங்க?"

"பெட்டியில ஆளிருக்கு, மாமா. இன்னும் ஒரு வாரம் அவன் அசையக் கூடாது. சுரூபங்க எல்லாம் இதோ இருக்கு. தொடைச்சு, சுத்தமா."

"பெட்டி இல்லாம பவனியா? எந்த ஊருல நடக்கும்? இவங்கள எப்படி எடுத்துக்கிட்டுப் போறது?"

"கையில."

"கையிலயா?"

"சூசையப்பருக்கு முதுகு மரம், மாமா. எப்படித் தூக்கினாலும் ஒண்ணும் ஆகாது. அவனுக்கு அப்படி இல்ல." சொல்லிக்கொண்டே அவள் சூசையப்பரை அவர் மார்பில் சாய்த்துவிட்டுக் கையை எடுத்தாள். இனி அவர் பிடித்தாக வேண்டும், இல்லையென்றால் கோவாவிலிருந்து வந்த சூசையப்பர் தெருவில் விழ வேண்டும். வில்லியம் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தில் கோபம் அப்படியே இருந்தது. ஆனால் கைகள் குழந்தையைத் தூக்குவது போலத் தாமாகவே வளைந்தன.

அப்புறம் ஒவ்வொருவராக முன்னால் வந்தார்கள். ராசாக்களுக்கு மூன்று பேர், இடையர்களுக்கு இரண்டு பேர், ஒட்டகத்துக்கு மட்டும் பெட்டி சுமக்க வந்த இருவர். ஒரு குப்பத்துப் பெண் சிறகு விரித்த சம்மனசை வாங்கிக்கொள்ளலாமா என்று பார்வையாலேயே கேட்டாள். ஐரின் கொடுத்தாள். பாண்டுக்காரர்கள் எந்தப் பாட்டை வாசிப்பது என்று புரியாமல் கொஞ்ச நேரம் மேளம் மட்டும் அடித்தார்கள்.

கோயில் கேட்டுக்கு அருகில் வில்லியம் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "அடுத்த வருஷத்துலேருந்து சுரூபங்க எங்க வீட்டுல இருக்கும். இந்த வீட்டுக்கு மரியாதை தெரியல."

"எடுத்துக்கோங்க மாமா" என்றாள் ஐரின். "சுரூபங்க மட்டும். பெட்டி எங்க தாத்தா செஞ்சது."

செபமாலையின்போது அவளுக்கு அழுகை வந்தது. மெழுகுதிரி ஒழுகி அப்பாவின் மணிக்கட்டில் விழுந்த தழும்பு ஞாபகம் வந்தது. அவர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒருவேளை வில்லியமோடு சேர்ந்திருப்பார். இழந்தது பெரியதுதான். அதை அவள் சின்னதாக்கிக்கொள்ள விரும்பவில்லை. ஆனால் அழுகையின் நடுவிலேயே மணி என்ன என்று பார்த்தாள். துணி மாற்ற வேண்டிய வேளை. எழுந்து முழங்காலிட்டுக் கும்பிட்டுவிட்டு, நடுவழியே, எல்லாரும் பார்க்க, வெளியே நடந்தாள்.

இக்னேஷியஸ் அவளோடு பேசவில்லை. கிறிஸ்மஸ் அன்றுகூட, கேக்குத் தட்டை வெரோனிகாவிடம்தான் கொடுத்தார்; அவள் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஆறு வாரம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை டாக்டர் ரகுபதி டிராமில் வந்து இறங்கினார். நாயை எடுத்துத் தரையில் நிறுத்தி, இடுப்பைத் தாங்கிப் பிடித்து, கையை எடுத்தார். நாலு எண்ணுவதற்குள் பின்பாகம் பக்கவாட்டில் சரிந்தது. "நாலு வரைக்கும் நின்னுச்சு" என்றார் திருப்தியாக. "இனிமே கொஞ்சம் கொஞ்சமா நடக்க விடுங்க. அடிவயித்துக்குக் கீழ துண்டைக் குடுத்துத் தூக்கிப் பிடிச்சுக்கணும். பழையபடி ஓடுமான்னு கேக்காதீங்க. கோணலாத்தான் நடக்கும்." ஜைதூன் பீ அன்றே ஒரு பழைய துண்டைப் பஞ்சு வைத்துத் தைத்து, இரண்டு பக்கமும் பிடி போட்டுக் கொடுத்தாள்.

புது வருஷப் பிறப்பு, கட்டாயம் பூசை காண வேண்டிய கடன் திருநாள். காலைப் பூசை முடிந்து எட்டரை மணிக்குக் கோயிலிலிருந்து கூட்டம் வெளியே வரும். நாயை நடக்க வைக்கத் தெருவில் ஆள் நடமாட்டமில்லாத நேரங்கள் எத்தனையோ இருந்தன. விடியலில் தெரு காலியாக இருக்கும். சாயங்காலம் கடற்கரை மணல் இருக்கும். ஐரின் முதல் பூசைக்குப் போய் வந்து, காப்பி குடித்து, எட்டரை ஆகட்டும் என்று காத்திருந்தாள். பிறகு துண்டை மாட்டி, கேட்டைத் திறந்து, கேப்டனோடு சாந்தோம் ரோட்டில் இறங்கினாள்.

புதுச்சேலைகள், தொப்பிகள், மல்லிகைப்பூ. பேச்சு ஒவ்வொரு கும்பலாக நின்றுபோனது. "இதுதானா அது?" என்று ஒருத்தி கேட்டாள். "இதுக்காகத்தானாம்" என்றாள் இன்னொருத்தி. கேப்டனின் பின்னங்கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. பாதம் சில தடவை மடங்கி மேற்புறம் தரையில் உரசியது. அவள் நின்று, குனிந்து, பாதத்தைத் திருப்பி வைத்து, மறுபடி நடந்தாள். ரோட்டோரத்தில் மழைநீர் தேங்கியிருந்ததால் நடுரோட்டில்தான் போக முடிந்தது.

பின்னால் ரிக்‌ஷா மணி அடித்தது. திரும்பினாள். வில்லியம் உட்கார்ந்திருந்தார். இழுப்பவன் அந்தத் தெரு வடிவேலு.

"ஓரம் கட்டச் சொல்லுப்பா" என்றார் வில்லியம்.

வடிவேலு மணியை இன்னொரு தடவை அடிக்கப் போய், நாயின் கால்களைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். "எங்க சாமி ஓரம் கட்றது? அந்தாண்ட தண்ணியா கீது. அது இப்பத்தான் காலை ஊனிக்கினு போவுது."

"எனக்கு நேரமாகுது."

"அவசரம்னா எறங்கி நடங்க சாமி. அதுவே நடக்குது, இன்னா?"

யாரோ சிரித்தார்கள். வில்லியம் இறங்கவில்லை. ஐரினும் ஒதுங்கவில்லை. அவளுக்கு முதுகெல்லாம் கண்கள் பட்டது தெரிந்தது; முகம் சுட்டது; காலை எட்டி வைத்துக் கேட்டுக்குள் ஓடிவிட வேண்டும் போலவும் இருந்தது. ஆனால் வேகத்தை அவள் தீர்மானிக்க முடியாது. கேப்டன் தீர்மானித்துக்கொண்டிருந்தது. அது ஒரு சாணி உருண்டையை முகர்ந்து, யோசித்து, விட்டுவிட்டு நடந்தது.

அவள் துண்டைக் கொஞ்சம் தளர்த்தினாள். ஒரு அடி. இன்னொரு அடி. இடுப்பு இடது பக்கம் போனது, திரும்பி வந்தது. மூன்று. நாலாவதில் அது பின்பக்கம் தொப்பென்று உட்கார்ந்தது, ரோட்டின் நட்டநடுவில். தூக்க அவள் குனியவில்லை. பின்னால் ரிக்‌ஷா நின்றது. அதன் பின்னால் ஒரு ஜட்காவும் வந்து நின்றது. கேப்டன் மூச்சு வாங்கிக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தது.

"உன் இஷ்டம்" என்றாள் ஐரின். "நமக்கு ஒண்ணும் அவசரமில்ல."

அது முன்னங்கால்களை அகட்டி ஊன்றியது. பின்பாகம் நடுங்கியபடி மேலே வந்தது. ஐரின் துண்டின் பிடியை இன்னும் கொஞ்சம் தளர்த்தினாள்.